எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு: பழைய வரலாற்றை என்ன செய்வது?

"எஸ்விஎன்னில் இருக்கும் புராஜெக்டைக் கிட்டுக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், இரண்டு நிமிடம் என்றும் சொல்லலாம், இரண்டு மாதம் என்றும் சொல்லலாம். இரண்டுமே சரியான பதில்தான். எஸ்விஎன், கிட் இரண்டும் நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவிகள்.

இரண்டு நிமிட வழி இது. கோப்புகளையெல்லாம் ஒரு புதிய ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அங்கே கிட் ரெப்போ (மாற்றப் பதிவுகள் சேரும் இடம்) ஒன்றைத் தொடங்கி, எல்லாவற்றையும் சேர்த்து, "முதல் கமிட்" என்று குறிப்பெழுதிக் கமிட் செய்யுங்கள், அதாவது பதிவுசெய்யுங்கள். வேலை முடிந்தது. நிரலில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. நேற்று ஓடியது இன்றும் ஓடும்.

குறை தெரியவருவது சில வாரம் கழித்து. ஒரு வரி ஏன் இவ்வளவு விசித்திரமாக எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க யாரோ ஒருவர் 'ப்ளேம்' கட்டளையைத் தட்டுவார். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார், எப்போது, எந்தக் கமிட்டில் என்று காட்டும் கட்டளை அது. திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்: உங்கள் பெயர். ஒரே தேதி: நீங்கள் நகலெடுத்த நாள். எட்டு வருடத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போனவர் எழுதிய வரிக்கும் இப்போது நீங்கள்தான் பொறுப்பு. ப்ளேம் என்றாலே பழி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அது இங்கே அப்படியே நடக்கிறது.

நிரல் வந்துவிட்டது, வரலாறு வரவில்லை. அதையும் கூட்டிக்கொண்டு வருவதற்குத்தான் அந்த இரண்டு மாதம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி என்பது நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்து வைப்பது. யார் மாற்றினார், எப்போது, எதை, ஏன் என்ற நான்கும் சேர்ந்த ஒரு பதிவுக்குக் கமிட் என்று பெயர். கமிட்டுகள் சேர்ந்து இருக்கும் இடம் ரெப்போ. பிரதான வேலையைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் இன்னொரு வேலையை நடத்தினால் அது கிளை. "2.0 வெளியான தருணம் இதுதான்" என்று ஒரு பெயரைக் குத்தி வைத்தால் அது டேக்.

எஸ்விஎன் என்கிற சப்வெர்ஷனிலும் இவை உண்டு, கிட்டிலும் உண்டு. அதனால்தான் புதிதாக வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

எஸ்விஎன் 2000-இல் தொடங்கப்பட்டு, 2004-இல் அதன் 1.0 வெளியானது. அதற்கு முன் கோலோச்சிய சிவிஎஸ் என்ற இதே வகைக் கருவியின் குறைகளைச் சரிசெய்வதுதான் நோக்கம். நடுவில் ஒரு சர்வர், எல்லோரும் அதோடுதான் பேச வேண்டும். ஒவ்வொரு கமிட்டுக்கும் அந்த சர்வர் வரிசையாக எண் போடும்: 1, 2, 3 என்று. 4521-க்கு அடுத்தது 4522. டோக்கன் கொடுப்பது மாதிரி.

கிட் 2005 ஏப்ரலில் பிறந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதும் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவியின் இலவச அனுமதி போய்விட, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே உட்கார்ந்து எழுதினார். அதில் நடு சர்வர் கட்டாயம் இல்லை. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும், இணையமே இல்லாமல் கமிட் செய்யலாம். அப்படியானால் வரிசை எண் போட முடியாது. இரண்டு பேர் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு 4522 போட்டுவிடுவார்கள். அதனால் கிட் வேறு வழி பிடித்தது. கமிட்டின் உள்ளடக்கத்தையே எஸ்ஹெச்ஏ-1 என்ற கணக்கில் போட்டு, வரும் 40 எழுத்து விடையையே கமிட்டின் பெயராக வைத்துக்கொள்கிறது.

அந்தக் கணக்கில் முந்தைய கமிட்டின் பெயரும் ஒரு பங்கு. ஆக, நடுவில் ஒரு கமிட்டில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அதற்குப் பிறகு வரும் அத்தனை கமிட்டுகளின் பெயரும் மாறிவிடும். ரெப்போவை மாற்றி எல்லோரும் வேலையைத் தொடங்கிய பிறகு, "ஐயோ, ஒருத்தர் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டோமே" என்று உள்ளே போய்த் திருத்தினால், எல்லோர் கையில் இருக்கும் நகலும் உங்களுடையதோடு ஒட்டாமல் போய்விடும். திருத்த வேண்டியதையெல்லாம் திறப்பதற்கு முன்பே திருத்தியாக வேண்டும்.

ஒரே ஒரு கமிட்டை மாற்றிப் பார்ப்போம்

பத்தாயிரம் கமிட்டை ஒரேயடியாக நினைத்தால் தலை சுற்றும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். எஸ்விஎன்னில் அது இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

எண்: 4521
ஆள்: எஸ்குமார்
நேரம்: 2011 மார்ச் 14, 18:42
குறிப்பு: ஆர்4498-இல் செய்ததைத் திரும்ப எடுத்துவிட்டேன், தேதி தப்பாக வருகிறது
மாறியவை: டிரங்க் ஃபோல்டரில் ஒரு கோப்பு, 2.1 கிளையின் ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு கோப்பு

முதலில் ஆள். எஸ்விஎன்னுக்கு லாகின் பெயர் போதும். கிட்டுக்கு முழுப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். எனவே ஒரு சாதாரண உரைக் கோப்பில் "இந்த லாகின் இவர்" என்று வரிக்கு ஒருவராக எழுதித் தர வேண்டும். இதைத்தான் ஆதர்ஸ் ஃபைல் என்கிறார்கள். பட்டியலில் இல்லாத லாகின் ஒன்று எதிர்ப்பட்டால், மாற்றித் தரும் கிட்-எஸ்விஎன் கருவி அங்கேயே நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் நல்லதுதான்.

கேட்பதற்குச் சுலபமான வேலை. ஆனால் நான் ஒருமுறை இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தபோது, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொது லாகின் வந்து நின்றது. ஆரம்ப நாட்களில் நாலைந்து பேர் அதிலேயே கமிட் செய்திருக்கிறார்கள். குறிப்பின் நடையை வைத்து இது இவர், அது அவர் என்று ஊகித்துப் பெயர் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். தெரியாததற்குத் தெரியாது என்றே பெயர் வைப்பதுதான் நேர்மை. "பொது லாகின்" என்றே ஓர் ஆளைப் பட்டியலில் சேர்த்தோம். தப்பான பெயர் விழுந்துவிட்டால் அதைப் பிறகு யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள்.

அடுத்து நேரம். எஸ்விஎன் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. கமிட் செய்தவர் எந்த நேர மண்டலத்தில் இருந்தார் என்பது அதில் கிடையாது. கிட்டில் அதற்கு ஒரு இடம் உண்டு. தெரியாத விஷயம், பொது நேரமாகவே விட்டுவிடலாம். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

குறிப்பில் இருக்கும் "ஆர்4498", அதாவது 4498-ஆம் எண் கமிட், சற்றுப் பெரிய தலைவலி. கிட்டுக்குப் போனதும் 4498 என்று ஒன்று இருக்காது. குறிப்புகளில் மட்டுமா, பிழைப் பட்டியலில், பழைய மின்னஞ்சல்களில், நிரலுக்குள்ளேயே கமெண்ட்டுகளில் எல்லாம் இந்த எண்கள் சிதறிக் கிடக்கும். புதுப் பெயரைக் கண்டுபிடித்துக் குறிப்புகளை மாற்றி எழுதும் கருவிகளும் இருக்கின்றன. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. அடுத்தவர் எழுதிய வாக்கியத்தைத் திருத்துவதைவிட, ஒவ்வொரு கமிட் குறிப்பின் கடைசி வரியிலும் அதன் பழைய எண்ணை ஒட்டிவிடுவது மேல். கிட்-எஸ்விஎன் வேண்டாம் என்று சொல்லாதவரை அப்படி ஒரு வரியைத் தானாகவே சேர்க்கும். 2019 அக்டோபரில் எல்எல்விஎம் கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி) திட்டம், கிட் ரெப்போக்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்புக்கு வந்தபோதும், பழைய கமிட்டுகளின் அடியில் எஸ்விஎன் எண்ணைத் தாங்கிய வரி இருந்தது. யாராவது 4498 எங்கே என்று தேடினால், கமிட்டுகளின் பட்டியலான லாகில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் போதும்.

கடைசியாக, மாறிய கோப்புகள். ஒரே கமிட் பிரதான வேலை நடக்கும் டிரங்க்கையும் தொட்டிருக்கிறது, 2.1 கிளையையும் தொட்டிருக்கிறது. கிட்டில் அப்படி நடக்கவே முடியாது; ஒரு கமிட் ஒரு வரலாற்றுக் கோட்டில்தான் உட்காரும். எனவே இது இரண்டு கமிட்டாகப் பிளக்கும். எஸ்விஎன்னில் இது எப்படிச் சாத்தியமானது? அதன் பதிலில்தான் இரண்டு கருவிகளுக்கும் உள்ள ஆழமான வித்தியாசம் இருக்கிறது.

கிளையும் டேக்கும் வெறும் ஃபோல்டர்தான்

எஸ்விஎன்னைப் பொறுத்தவரை கிளை என்று தனியாக ஒன்று கிடையாது. டேக்கும் கிடையாது. இருப்பது ஃபோல்டரும் நகலும்தான். டிரங்க் என்ற ஃபோல்டரை பிராஞ்சஸ் என்ற ஃபோல்டருக்குள் நகலெடுத்தால் அதைக் கிளை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். டேக்ஸ் என்ற ஃபோல்டருக்குள் நகலெடுத்தால் டேக் என்கிறோம். எல்லாம் பழக்கம்தான், கருவி கட்டாயப்படுத்தும் விதி இல்லை.

பழக்கம் என்றால் மீறலும் இருக்கும். சில புராஜெக்ட்டுகளில் முதல் சில நூறு கமிட்டுகள் டிரங்க் ஃபோல்டரே இல்லாமல் நேராக மேலேயே நடந்திருக்கும். யாரோ ஒருவர் பிறகுதான் ஒழுங்குபடுத்தியிருப்பார். மாற்றும் கருவியிடம் "டிரங்க் இங்கே இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், அதற்கு முந்தைய காலம் சத்தமில்லாமல் காணாமல் போகலாம். பிழைச் செய்திகூட வராது. மாற்றிய ரெப்போவின் முதல் கமிட்டை எடுத்து, தேதி நியாயமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

டேக்கில் இன்னொரு கூத்து. டேக்கும் ஃபோல்டர்தான் என்பதால் அதற்குள் யாரும் கமிட் செய்யலாம். நான் பார்த்த ஒரு ரெப்போவில் ஒரு வெளியீட்டின் டேக் போட்டு இரண்டு நாள் கழித்து, அந்த டேக்குக்குள்ளேயே ஒரு வரியைத் திருத்தி, அதிலிருந்து வெளியீட்டைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அந்தத் திருத்தம் டிரங்க்கில் இல்லை, எந்தக் கிளையிலும் இல்லை. கிட்டில் டேக் என்பது ஒரு கமிட்டின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு. இப்போது அந்தச் சீட்டை எங்கே ஒட்டுவது? டிரங்க்கில் நகலெடுத்த இடத்தில் ஒட்டினால், பயனர் கைக்குப் போன நிரல் அதுவல்ல. கடைசியில் டேக்குக்குப் பிறகு வந்த அந்த ஒரு கமிட்டைத் தனியாகத் தொங்கவிட்டு, அதன் மேல் சீட்டை ஒட்டினோம். படத்தில் பார்த்தால் மரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒற்றைக் குச்சி மாதிரி இருக்கும். அழகில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

இதற்காகத்தான் கிட்-எஸ்விஎன் டேக்குகளையும் கிளைகளாகவே கொண்டுவருகிறது. அவற்றைப் பார்த்துப் பார்த்து உண்மையான டேக்காக மாற்றுவது நம் வேலை.

சின்னச் சின்ன வேறுபாடுகள் நிறைய. காலி ஃபோல்டரை எஸ்விஎன் நினைவில் வைக்கும், கிட் வைக்காது. உள்ளே ஒரு பொய்க் கோப்பைப் போட்டுச் சமாளிப்பார்கள். எந்தக் கோப்புகளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதை எஸ்விஎன் ஃபோல்டரின் பண்பாக எழுதிவைக்கும், கிட்டுக்கு அது இக்னோர் கோப்பாக வேண்டும். கோப்புக்குள் ஆள் பெயரையும் எண்ணையும் தானாக நிரப்பும் எஸ்விஎன் வசதிக்குக் கிட்டில் சரியான ஈடு இல்லை, எடுத்துவிடுங்கள்.

பெரிய கோப்புகள்

இதை மட்டும் அவசரமாகத் தாண்டக் கூடாது. எஸ்விஎன்னில் புதிதாக வருபவர் ரெப்போவை இறக்கினால் கடைசி நிலை மட்டும்தான் வரும். பழசெல்லாம் சர்வரில் கிடக்கும். அதனால் ஒரு வீடியோவை ஐம்பது முறை மாற்றி மாற்றி ஏற்றினாலும் யாருக்கும் உறைக்காது. கிட்டில் க்ளோன் செய்தால், அதாவது ரெப்போவை நகலெடுத்தால், முழு வரலாறும் வரும். அந்த ஐம்பது வீடியோவும் சேர்ந்து வரும், எப்போதோ அழித்துவிட்டதும்கூட. கிட்ஹப்பில் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு ஒன்று வரலாற்றின் எந்த மூலையில் இருந்தாலும் ஏற்றவே விடாது.

மாற்றும் வேலை நடக்கும்போதே இவற்றைக் களைவதுதான் சுலபம். கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி வரலாறு முழுக்க நடந்துபோய்க் குறிப்பிட்ட கோப்புகளை நீக்கித் தரும். வேண்டிய பெரிய கோப்பு என்றால் எல்எஃப்எஸ் என்ற வசதியில் அதைத் தனியாக வைத்துவிட்டு, ரெப்போவில் அதன் விலாசச் சீட்டை மட்டும் வைக்கலாம். அப்படியே தேடும்போது பழைய கமிட்டுகளில் பாஸ்வேர்டு ஏதாவது கிடைக்கும், கிடைக்காமல் இருக்காது. அதை வரலாற்றிலிருந்து நீக்குங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

மற்ற கருவிகளிலிருந்து வருபவர்களுக்கு

மெர்குரியலிலிருந்து வருவது ஒப்பிட்டால் எளிது. அதுவும் கிட் பிறந்த அதே 2005-இல் வந்தது, அதுவும் கமிட்டை உள்ளடக்கக் கணக்கால்தான் அடையாளம் காண்கிறது. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான பிட்பக்கெட் 2020-இல் மெர்குரியலைக் கைவிட்டபோது பலர் இந்தப் பாதையில்தான் வந்தார்கள்.

சிவிஎஸ்தான் பாடாய்ப் படுத்தும். அதில் கமிட் என்ற ஒன்றே முழுமையாக இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி வரலாறு, தனித்தனி எண். ஐந்து கோப்பைச் சேர்ந்து மாற்றினால் ஐந்து தனிப் பதிவு. மாற்றும் கருவி துப்பறிவாளர் வேலை செய்ய வேண்டும்: ஒரே ஆள், ஒரே குறிப்பு, சில நிமிட இடைவெளி என்றால் இவை ஒரே கமிட்டாகத்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துக் கட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் 2010 செப்டம்பரில் சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு வந்தது இப்படிப்பட்ட ஒரு கருவியைக் கொண்டுதான்.

எவ்வளவு வரலாறு வேண்டும்?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். சரிதான். ஆனால் மேலே உள்ள வேலையைப் பார்க்காமல் கேட்டால் எல்லோரும் "எல்லாம் வேண்டும்" என்றுதான் சொல்வார்கள்.

கிட்டை எழுதியவரே என்ன செய்தார் தெரியுமா? லினக்ஸ் கெர்னலின் கிட் வரலாறு 2005 ஏப்ரல் 16-இல், 2.6.12-இன் ஒரு முன்னோட்டப் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. முழு வரலாறு கையில் இருந்தும் அதைக் கொண்டுவர மெனக்கெடவில்லை என்று அந்த முதல் கமிட் குறிப்பிலேயே டோர்வால்ட்ஸ் எழுதிவைத்திருக்கிறார். அதை ஏற்றினால் 3.2 ஜிபி ஆகும், வேண்டுமானால் பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு. பிறகு மற்றவர்கள் பழைய வரலாற்றைத் தனி ரெப்போவாகக் கட்டினார்கள். கிட்டின் 'ரிப்ளேஸ்' வசதியைக் கொண்டு, வேண்டியவர்கள் தங்கள் கணினியில் இரண்டையும் ஒட்டவைத்துப் பார்க்கலாம். ஆக, முதலில் சொன்ன இரண்டு நிமிட வழியைத் தப்பு என்று சொல்ல முடியாது. பழைய வரலாறு வேறெங்காவது பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மறுபக்கம் ஜிசிசி கம்பைலர். பல வருட விவாதத்துக்குப் பிறகு 2020 ஜனவரியில்தான் எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு வந்தது. எரிக் ரேமண்டின் ரெப்போசர்ஜன் என்ற கருவியால் அந்த மாற்றம் நடந்தது. பைத்தானில் எழுதப்பட்டிருந்த அந்தக் கருவி ஜிசிசியின் அளவைத் தாங்காமல், கோ மொழியில் திரும்ப எழுத வேண்டி வந்தது. கம்பைலரில் இருபது வருடத்துக்கு முன் எழுதிய வரி ஒன்று ஏன் அப்படி இருக்கிறது என்று இன்றும் தேட வேண்டிவரும். அவர்களுக்கு அந்த உழைப்பு தகும்.

நடுவழியும் உண்டு. டிரங்க்கையும் இன்னும் பராமரிப்பில் இருக்கும் கிளைகளையும் முழு வரலாற்றோடு கொண்டுவந்துவிட்டு, எப்போதோ செத்துப்போன சோதனைக் கிளைகளைப் பழைய சர்வரிலேயே விட்டுவிடலாம். சிறிய குழுவாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

மாற்றும் நாள்

ஒத்திகை இல்லாமல் மேடையேறாதீர்கள். முதலில் எஸ்விஎன் ரெப்போவை அப்படியே உங்கள் கணினியில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வலைவழியாக ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு வாங்கினால் நாள் கணக்கில் ஓடும். அப்புறம் மாற்றிப் பாருங்கள், தவறைக் குறியுங்கள், அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். கையால் எதையும் திருத்தாமல், எல்லாத் திருத்தத்தையும் ஸ்கிரிப்டில் எழுதினால்தான் பத்தாவது முறையும் அதே விடை வரும்.

சரிபார்க்கக் கமிட் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள். அது பொருந்தாது: இரண்டாகப் பிளந்தவை உண்டு, டேக் போட்டதற்கென்றே இருந்த கமிட்டுகள் மறைந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு டேக்கையும் இரண்டு பக்கத்திலிருந்தும் இறக்கி, கோப்புக்குக் கோப்பு வித்தியாசம் பாருங்கள். காலி ஃபோல்டர், வரி முடிவுக் குறிகள், தானாக நிரப்பிய எண்கள் தவிர வேறெதுவும் வந்தால் எங்கோ கோளாறு.

மாற்றும் நாளன்று பழைய ரெப்போவைப் பூட்ட வேண்டும். எஸ்விஎன்னில் ஒரு கமிட் ஏறுவதற்கு முன் ஓடும் ஹூக் ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு. அது எந்தக் கமிட்டையும் மறுத்து, ஒரு செய்தியைக் காட்டும்படி எழுதிவிட்டால் போதும். படிக்கலாம், எழுத முடியாது. அந்தச் செய்தியில் "அனுமதி இல்லை" என்று மொட்டையாகப் போடாமல், புதிய ரெப்போவின் முகவரியையும் யாரிடம் கேட்பது என்பதையும் எழுதுங்கள். நீண்ட விடுப்பு முடிந்து வந்து, கையில் இருக்கும் பழைய மாற்றத்தை வழக்கம்போலக் கமிட் செய்யப் பார்க்கும் ஒருவருக்கு முதலில் கண்ணில் படப்போவது அந்த இரண்டு வரிதான்.